எஃப்எம் ரேடியோவுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு ரேடியோ: யாருக்காக?

ஒரு எஃப்எம் நிலையம் ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் அனுப்பும் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் சில நிலையங்கள் அதே அலையில் இன்னொன்றையும் ஏற்றி அனுப்புகின்றன. உங்கள் சாதாரண ரேடியோவில் அது கேட்காது.

எப்படி? ஸ்டீரியோ ஒலிக்கு 53 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். அதற்கு மேலே 67 அல்லது 92 கிலோஹெர்ட்ஸில் துணை அலை ஒன்றைச் சேர்க்கலாம். அதைப் பிரித்தெடுக்கத் தனி ரிசீவர் வேண்டும்.

1955-ல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது. ஆரம்பத்தில் இது வியாபாரம்தான். மியூசாக் போன்ற நிறுவனங்கள் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பின்னணி இசையை இப்படி விற்றன.

1969-ல் மினசோட்டாவில் இதே வழியில் பார்வையற்றோருக்கான வாசிப்புச் சேவை தொடங்கியது. பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. நாளிதழ், புத்தகம், மளிகைக் கடைத் தள்ளுபடி விளம்பரம் வரை தன்னார்வலர்கள் வாசிக்கிறார்கள். ரிசீவரை இரவலாகத் தருகிறார்கள்.

இப்போது இந்தச் சேவைகள் இணையத்துக்கும் செயலிகளுக்கும் நகர்கின்றன. செலவு மிச்சம், ஒலியும் தெளிவு. நல்லதுதானே என்பீர்கள். ஆனால் துணை அலைக்கு மாதக் கட்டணம் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. சுவிட்சைப் போட்டால் போதும். இணையம் இல்லாத முதியவருக்கு அதுதான் அன்றைய பேப்பர்.

ரிசீவர் இரவல் என்பதால், யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் சேவை நடத்துபவர்களிடமே இருக்கும். அலையை நிறுத்தும் முன், அதில் எத்தனை பேருக்கு இணையம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாமே?