எலுமிச்சைத் தூர் அழுகல்: டிரைக்கோடெர்மாவுக்கும் தீனி வேண்டும்

கேள்வி: எட்டு வயது எலுமிச்சை மரங்களில் தூரில் பிசின் வடிந்து, இலை பழுத்து, ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. கோடையில் டிரைக்கோடெர்மா விரிடி தூளை மரத்துக்கு மரம் தூவியும் பலனில்லை. ஏன்?
– வாசகர், கோவில்பட்டி வட்டாரம்

பதில்: இது பைட்டாப்தோரா என்ற நோய்க்கிருமியால் வரும் தூர் அழுகல். வில்லிசேரி, இடைசெவல் போன்ற ஊர்களின் கனத்த கரிசலில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் எளிதில் வடியாது. தேங்கிய நீரில் நோய்வித்துகள் நீந்திச் சென்று பட்டையையும் சல்லிவேரையும் தாக்கும்.

டிரைக்கோடெர்மா நன்மை செய்யும் பூசணம். நோய்ப்பூசணத்தின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, செல்சுவரைக் கரைத்து உண்ணும். மண்ணில் உள்ள மற்றப் பூசணங்களை இது தாக்குவதை 1932-இல் வெய்ண்ட்லிங் என்ற ஆய்வாளர் எழுதினார். எலுமிச்சை இன நாற்றழுகலுக்கு எதிராகவும் அவர் இதைச் சோதித்தார்.

ஆனால் இது உயிருள்ள பொருள். ஈரமும் மக்கிய உரமும் இருந்தால்தான் பெருகும். காரத்தன்மை மிகுந்த, அங்ககச் சத்து குறைந்த, வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் வெறும் தூளைத் தூவினால் பெரும்பகுதி வீணாகும்.

செய்ய வேண்டியவை:

1. காலாவதி தேதி பார்த்து வாங்கிய 1 கிலோ தூளை 100 கிலோ நன்கு மக்கிய தொழுவுரத்துடன் கலந்து, நிழலில் குவித்து, புட்டுப் பதத்துக்கு நீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடவும். நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடவும். 15 நாளில் பச்சைப் பூசணம் படர்ந்திருக்கும்.

2. ஆவணிக் கடைசியில் இதைத் தொடங்கினால், புரட்டாசி மழையின் ஈரத்தில் இடலாம். மரத்துக்கு 5 கிலோ வீதம், தூரை விட்டுத் தள்ளி, கிளை நிழல் விழும் வட்டத்தில் இட்டு மேல்மண்ணோடு கிளறவும். மேலே சோளத்தட்டை மூடாக்குப் போடவும். அது தூரைத் தொடக் கூடாது.

3. தூரைச் சுற்றி இரட்டை வட்டப் பாத்தி அமைக்கவும். பாசன நீர் தூரில் படக் கூடாது. மழைநீர் வடிய வாய்க்கால் எடுக்கவும். இதைச் செய்யாமல் எந்தப் பூசணமும் மரத்தைக் காக்காது.

4. அழுகிய பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு போர்டோ பசை பூசவும். தாமிரம், பூசணக்கொல்லி எதையும் டிரைக்கோடெர்மாவுடன் கலக்க வேண்டாம். 15 நாள் இடைவெளி விடவும்.

டிரைக்கோடெர்மா வருமுன் காக்கும் மருந்து. தூரைச் சுற்றிலும் பட்டை அழுகிவிட்ட மரம் பிழைக்காது. வேரோடு அகற்றி எரித்துவிடவும். இந்த ஆண்டு தொழுவுரத்தை முதலில் அதன் பக்கத்து மரங்களுக்கு இடுங்கள். நோய் அடுத்து அங்கேதான் போகும்.