அந்த மூன்று வீதம் எங்கே?

1988 ஆகஸ்டில் வந்த 27/88 இலக்க பொது நிர்வாகச் சுற்றறிக்கைக்கு எங்கள் எல்லாரையும்விட வயது கூட. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வரும் வெற்றிடங்களில் 3 வீதம், தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு என்று அது சொல்கிறது. எங்கட பீடத்தில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தோம். ஒருத்தருக்கும் தெரியாது. சரி, நாங்கள் மாணவர்கள். ஆள் எடுக்கிற கந்தோர்க்காரருக்குத் தெரியவேணும்தானே?

எங்களுக்கு மூத்த பட்ச் அக்கா ஒருவர், பார்வையற்றவர், தமிழில் சிறப்புப் பட்டம் முடித்தவர். நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது எங்களில் ஒருத்தி துணைக்குப் போனாள். அதிகாரி கேட்ட முதல் கேள்வியே துணைக்குப் போனவளிடம்தான்: "இவ கொம்பியூட்டர் பாவிப்பாவோ?" அக்கா பக்கத்தில்தான் இருந்தா. ஒரு கொம்பியூட்டரை முன்னால் வைத்து 'செய்து காட்டுங்கோ' என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

சுற்றறிக்கையில் ஒரு வசனம் இருக்கிறது: இயலாமை கடமையைச் செய்யத் தடையாக இருக்கக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் தடையா இல்லையா என்று தீர்மானிக்கிறது யார்? அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர். பத்து நிமிசத்தில், கண்ணால் பார்த்து.

கணக்கையும் பாருங்கள். 3 வீதம் என்றால் 33 வெற்றிடத்துக்கு ஒருவர்கூட முழுதாக வராது. ஒரு பிரதேச சபை நாலு பேரை எடுத்தால் அதில் 3 வீதம் எவ்வளவு? ஒரு கால் விரலா? துண்டு துண்டாக ஆள் எடுத்துக்கொண்டே போனால் கோட்டா ஒருநாளும் வராது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 4 வீதம் என்கிறது, நிரப்பாத இடத்தை அடுத்த வருசத்துக்குக் கொண்டுபோகவும் சொல்கிறது. அங்கேயும் எல்லாம் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது சட்டம், இங்கே இருப்பது சுற்றறிக்கை.

2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோருக்கு ஏதோவொரு இயலாமை. பதினாறு இலட்சம் பேர். அதில் முதியவர்கள் நிறைய, உண்மை. அப்படிக் கழித்தாலும் வன்னியில் செல்லிலும் கண்ணிவெடியிலும் கால் போனவர்கள், அதோடு படிப்பும் போனவர்கள் இருக்கினம். அவர்களிடம் போய் 'தகைமை' கேட்கிறோம்.

"கோட்டாவில வந்தா திறமை குறையும்" என்கிற நண்பர்களுக்கு: மாவட்டக் கோட்டாவில் மருத்துவ பீடம் போனவரை 'அரை டொக்டர்' என்று நீங்கள் சொல்லுறதில்லையே. பிறகு இது மட்டும் ஏன் பிச்சையாகத் தெரியுது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஆட்சேர்ப்பில் பாரபட்சம் கூடாது என்கிறது. கட்டடங்களுக்கு 2006இல் ஒழுங்குவிதி வந்தது. சாய்தளத்தைப் பற்றியாவது பேசுகிறார்கள், கடதாசியைப் பற்றி யாரும் பேசுறதில்லை. தமிழில் வரும் அறிவித்தல்கள் பல இன்னும் பாமினி எழுத்துருவில். அதில் 'அம்மா' என்று அடித்தால் திரைவாசிப்பான் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று வாசிக்கும். ஸ்கான் பண்ணிய பிடிஎப் என்றால் அதுவும் இல்லை, வாயே திறக்காது. விண்ணப்பப் படிவத்தையே வாசிக்க விடாமல் 'தகுதியான ஆள் விண்ணப்பிக்கேல்ல' என்று சொல்வது என்ன நியாயம்?

நாங்கள் கேட்பது பெரிய காசுச் செலவு இல்லை. ஒவ்வொரு திணைக்களமும் மொத்த ஆளணி எத்தனை, அதில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று வருசாவருசம் வெளியிடட்டும். நிரப்பாத இடம் அடுத்த வருசத்துக்குப் போகட்டும். அறிவித்தல் யூனிகோட்டில் வரட்டும். 'தடை' என்று ஒருவரை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும்.

அக்காவுக்கு இன்னும் கடிதம் வரவில்லை. போன கிழமை இன்னொரு வெற்றிட அறிவித்தல் வந்தது, ஸ்கான் பண்ணிய பிடிஎப். ஏழு பக்கம். மூன்று பேர் பிரித்துத் தட்டச்சு செய்து நேற்றிரவு அனுப்பினோம்.