சீந்திற் சூரணமும் இரத்தப் புற்றுநோயும்

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலே இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவருடைய வீட்டுக்கு, அன்பின் மிகுதியாலே உறவினர் கொண்டுவந்து சேர்க்கும் சீந்திற் சூரணமும் பற்பமும் செந்தூரமும், "எதிர்ப்புச் சக்தி கூடும், குடியுங்கோ" என்னும் உபசாரமும் நம் குடாநாட்டுக்குப் புதியன அல்ல. ஆயினும், முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுவதனாலேயே தேகம் தன் காவலை இழக்கும் ஒரு வியாதியிலே, எதனை வளர்க்கிறோம் என்று கேளாமலே வளர்க்க முற்படுவது விபரீதம்.

மூலிகையை நான் இகழவில்லை. நம் முற்றத்துப் பட்டிப்பூவாகிய நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின், 1963 முதல், சிறப்பாகக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு, உயிர்காக்கும் ஔஷதமாக வழங்கிவருகின்றது; அதை நம்பிப் பூவை அவித்துக் குடிப்பவர் பெறுவது பெரும்பாலும் நஞ்சையே. சீனத்து ஹார்பின் நகர வைத்தியர்கள் 1970களில் ஆராயத் தொடங்கிய வெள்ளைப் பாஷாணமும் அவ்வாறே: இந்நோயின் ஒரு வகையை இன்று அது குணப்படுத்துகின்றது, ஆனால் அளவறிந்து, இருதய மின்பதிவை அடிக்கடி பார்த்தே கொடுக்கப்படுகின்றது.

சீந்திலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கொரோனா பரவிய 2020இல் அதனை உட்கொண்ட சிலருக்கு ஈரல் பாதிப்புற்றதை மும்பை வைத்தியர்கள் பதிவுசெய்துள்ளனர். புற்றுநோய் மருந்துகள் பலவற்றைக் கழிக்கும் உறுப்பும் அந்த ஈரலே.

கைதடியிலே சித்த வைத்தியம் பயிற்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் தெல்லிப்பழை வைத்தியர்களும் ஒருங்கிருந்து, நோயாளி கொண்டுவரும் போத்தல்களையெல்லாம் கடிந்துகொள்ளாமல் பார்வையிடும் கிளினிக் ஒன்று ஏன் ஏற்படலாகாது?