போனக்காட்டு லயங்களும் சிமெண்டுக்குள் தண்ணீரும்

நம் வீட்டுக் குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சுகிற பாலிமர் வகையை இப்போது சிமெண்டிலும் கலக்கிறார்கள். நல்ல தண்ணீரைத் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும் இந்தப் பொடி, காரமும் கால்சியமும் கலந்த சிமெண்டு நீரில் ஏறத்தாழ 10, 20 மடங்குதான் குடிக்கும். கான்கிரீட் இறுகி உள்ளே ஈரம் குறையும்போது, குடித்ததைச் சிறுகச் சிறுகத் திருப்பித் தரும். டென்மார்க்கின் யென்சனும் ஹான்சனும் 2001இல் இதை விளக்கினார்கள். தண்ணீர் குறைத்துக் கலக்கும் உறுதிமிக்க கான்கிரீட்டில் வெடிப்பைத் தடுக்க இது நல்ல வழி.

போனக்காட்டுக்கு இது மருந்தல்ல என்பதே என் கருத்து. அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில், தேயிலைத் தொழிற்சாலை மூடிய பின்னும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிதைந்த லயங்களில் வாழ்கின்றன. அங்கே வேண்டியது சாதாரண வீட்டுக் கான்கிரீட். அதன் கலவையிலேயே போதிய தண்ணீர் உண்டு. அது காய்ந்து போகாமல் காப்பதுதான் க்யூரிங். ஐ.எஸ். 456 (2000) விதிப்படி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள். ரயில்வே பாலங்களுக்கு ஈரச்சாக்கு போர்த்திய அனுபவத்தில் சொல்கிறேன்: மலைமேல் வேலை முடித்து ஆட்கள் இறங்கியதும் முதலில் விடுபடுவது இதுதான்.

ஆகவே, லயம் பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தில் க்யூரிங்கைத் தனி வேலையாகக் காட்டி, அதற்கான கூலியை அங்கு குடியிருப்போருக்கே தரவேண்டும். வீடும் நிற்கும், அடுப்பும் எரியும்.