கொல்லைப்புறமும் வீடுதான்



தை பிறந்தால் வீடு தேடும் படலமும் தொடங்கிவிடும். தாய்ப்பத்திரம் எத்தனை ஆண்டுக்குப் பார்க்க வேண்டும், வில்லங்கச் சான்றிதழை எப்படி எடுப்பது, வங்கிக் கடன் எவ்வளவு கிடைக்கும் என்றெல்லாம் நீங்கள் கேட்கும் கடிதங்கள் இந்த மாதங்களில் குவியும். கேட்க வேண்டிய கேள்விகள்தான். இந்த இதழில் நான் பேச விரும்புவது எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத ஒன்றை. நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் பின்பக்கத்தை யார் யார் பார்க்க முடியும்?

நம் வீடுகளில் முன்வாசல் ஊருக்கானது, கொல்லைப்புறம் வீட்டாருக்கானது. துவைக்கிற கல்லும் கறிவேப்பிலை மரமும் அங்கேதான். தலைக்குக் குளித்துவிட்டு வந்த பாட்டி வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து முடி உலர்த்துவதும், கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் படுக்கவைத்துக் குளிப்பாட்டுவதும், வேலை முடிந்த பிறகு வீட்டுப் பெண்கள் பத்து நிமிடம் ஓய்ந்து உட்கார்வதும் அங்கேதான். அந்த இடத்தின் மேல் ஒரு மாடி ஜன்னல் திறந்துவிட்டால் என்ன ஆகிறது என்று கவனித்துப் பாருங்கள். முதலில் கொடியில் காயும் துணிகள் உள்ளே போகும். பிறகு பாட்டியின் நாற்காலி உள்ளே போகும். ஆறு மாதத்தில் பின்கதவே சாத்திக் கிடக்கும். பணம் கொடுத்து வாங்கிய நிலத்தில் கால்பங்கு, யாரும் நடமாடாத இடமாகிவிடும். அதில் அதிகம் இழப்பவர்கள் பெண்களும் முதியவர்களும்தான். அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சிக்கல் இப்போது வேகமாக வளர்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் நடைமுறைக்கு வந்தபோது, சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு 1.5-இலிருந்து 2 ஆக உயர்ந்தது. எளிதாகச் சொன்னால், ஒரு கிரவுண்ட் மனையில், அதாவது 2,400 சதுர அடியில், முன்பு 3,600 சதுர அடி கட்டலாம் என்றால் இப்போது 4,800 சதுர அடி வரை கட்டலாம். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவோருக்கு, சுயசான்றின் பேரில் உடனடி அனுமதியும் கிடைக்கிறது. வீடில்லாதவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் தாம்பரத்திலோ கோவையின் புறநகரிலோ, பக்கத்தில் ஓட்டு வீடு இருக்கிறது, வெளிச்சமும் அமைதியுமாக இருக்கிறது என்று நம்பி வாங்குகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்த ஓட்டு வீடு அப்படியே நிற்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. அதை வைத்திருப்பவர் நாளை பில்டரிடம் கொடுத்தால், பார்க்கிங்கும் அதன் மேல் மூன்று மாடியும் வரும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அது அவருடைய மனை.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். ஓரளவுக்குத்தான். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 18-வது பிரிவில், இதையே ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. பக்கத்து வீட்டாரின் மறைவைக் கெடுக்கும்படி புது ஜன்னல் வைக்கக் கூடாது என்பது ஓர் ஊரின் வழக்கமாக இருந்தால், அந்த வழக்கத்தை உரிமையாகக் கோரலாம். 1888-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இப்படியொரு வழக்க உரிமையை ஏற்றுக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் 19-ஆம் நூற்றாண்டிலேயே வேறு நிலையை எடுத்தது. தன் சுவரில் ஜன்னல் திறப்பதாலேயே ஒருவர் குற்றம் செய்தவர் ஆகிவிடமாட்டார், மறைவு வேண்டும் என்பவர் தன் நிலத்தில் மறைப்பு எழுப்பிக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அது முதன்மையாக அரசை நோக்கிய உரிமை. பெண்ணின் அந்தரங்க நேரத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி குற்றம். அப்படி நடந்தால் தயங்காமல் காவல் நிலையம் செல்லுங்கள். ஆனால் சாதாரணமாகத் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் குடும்பத்தின் மேல் எந்தப் புகாரும் நிற்காது. ஆகவே மறைவை நாம்தான், நம் மனைக்குள்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான யோசனை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

வீடு பார்க்கப் போகிறபோது ஹாலையும் சமையலறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கொல்லைப்புறத்தின் நடுவில் நின்று நான்கு பக்கமும் நிமிர்ந்து பாருங்கள். எத்தனை ஜன்னல், எத்தனை பால்கனி, எந்த மொட்டைமாடியில் துணிக்கொடி கட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். மாடிப்படி வெளிப்புறமாக இருக்கும் வீடு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். படிக்கட்டின் திருப்பத்தில் நிற்பவருக்கு உங்கள் பின்கட்டு முழுவதும் தெரியும். ஒருமுறை காலையிலும் ஒருமுறை விளக்கு வைத்த பிறகும் போங்கள். இரவில் உள்ளே விளக்கு எரியும்போதுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீட்டின் உள்புறம் நன்றாகத் தெரியும். கூடவே, மாடி வீட்டைவிடக் காலி மனைக்கும் பழைய ஒற்றைத்தள வீட்டுக்கும் அதிகமாகப் பயப்படுங்கள். ஏற்கெனவே நிற்கும் மாடியின் ஜன்னல் எங்கே என்று தெரியும், அதற்கேற்ப மறைப்பு போடலாம். காலி மனையில் நாளை ஜன்னல் எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது.

வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது? பெரும்பாலோர் முதலில் செய்வது மதிலை உயர்த்துவது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டு முதல் மாடித் தளம் தரையிலிருந்து 11 அடி என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிற்பவரின் கண் ஏறக்குறைய 16 அடி உயரத்தில் இருக்கும். அவருடைய ஜன்னல் மதிலிலிருந்து 5 அடி தள்ளி. நீங்கள் மதிலுக்கு இந்தப் பக்கம் 10 அடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் தலை 4 அடி உயரத்தில். அவர் பார்வையை மதிலிலேயே மறிக்க வேண்டுமென்றால் மதில் 12 அடி உயர வேண்டும். அனுமதியும் கிடைக்காது, காற்றும் நின்றுபோகும். அதே மறைப்பை உங்கள் நாற்காலிக்கு 3 அடி தூரத்தில் வைத்தால் ஆறரை அடி போதும். இரண்டாம் மாடியிலிருந்து பார்ப்பவரை மறிக்க மதில் 19 அடி வேண்டும். அங்கே சுவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. தலைக்கு மேல் ஒரு பந்தல் போட்டால் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி எல்லாவற்றுக்கும் சேர்த்து விடை கிடைத்துவிடும். ஆகவே எல்லையைச் சுற்றி மறைக்க நினைக்காமல், புழங்கும் இடத்தை மட்டும் மறையுங்கள். துவைக்கிற இடம், உட்காரும் இடம், குளியலறைக்குப் போகும் வழி. இந்த மூன்றும் மறைந்தால் கொல்லைப்புறம் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

பந்தலுக்கு எட்டடி உயரத்தில் ஜிஐ பைப் நட்டு, மேலே கம்பி வலை இழுத்து, ஆடியில் அவரை விதை ஊன்றுங்கள். மார்கழி, தையில் காய் பறிக்கலாம், நிழலும் கிடைக்கும். நிரந்தரமாக வேண்டும் என்பவர்கள் முல்லையோ ரங்கூன் மல்லியோ ஏற்றலாம். கொடி படரும்வரை பச்சை வலை கட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் அது கப்பல் பாயாக உப்பிப் பைப்பையே சாய்த்துவிடும் என்பதால், மழைக்காலத்துக்கு முன் அவிழ்த்துவிட வேண்டும். தகர ஷீட்டைத் தவிருங்கள். சித்திரை வெயிலில் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாலிச் சுவரும் நல்லது. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களில் அதன் அழகைப் பார்க்கலாம். காற்று வரும், பார்வை தடைபடும்.

எல்லையோரத்தில் மரம் வைப்பவர்களுக்கு, பக்கவாட்டில் பரவாத நெட்டிலிங்கம் சிறிய மனைக்குப் பொருத்தமானது. அது வளரும்வரை பொறுக்க முடியாதவர்கள் அதன் முன்னால் வாழை வைக்கலாம். சில மாதங்களில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும், பக்கக் கன்றுகள் வந்துகொண்டே இருப்பதால் மறைப்பு அறுபடாது. மூங்கில் வைத்தால் செப்டிக் டேங்கிலிருந்தும் சம்ப்பிலிருந்தும் தள்ளி வையுங்கள். நர்சரிகளில் சீக்கிரம் வளரும் என்று சொல்லிக் கொடுக்கும் கொனோகார்பஸ் வேண்டாம். 2023-இல் குஜராத் அதைத் தடை செய்தது, தமிழக அரசும் தடை விதித்திருக்கிறது.

இவையெல்லாம் நமக்குப் புதிய வித்தைகள் இல்லை. யாழ்ப்பாணத்து வீட்டு வளவுகளைச் சுற்றி நிற்கும் கிடுகு வேலியைப் பாருங்கள். பூவரசையும் கிளுவையையும் கதியாலாக, அதாவது உயிர்வேலிக் கழியாக, ஊன்றி, அவை துளிர்த்து மரமானதும், பின்னிய தென்னோலைக் கிடுகுகளை அவற்றில் வரிந்து கட்டுவார்கள். ஓலை மக்கினால் எருவாகும், அடுத்த முறை புதிய கிடுகு ஏறும். கிணற்றடியில் பெண்கள் நிம்மதியாகக் குளிப்பதற்கு அந்த வேலிதான் காவல். செட்டிநாட்டு வீடுகள் வானத்தை மட்டும் பார்க்கும் முற்றத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. 1960-களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்காகக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய வீடும் நகரத்துச் சிறிய மனையில் முற்றங்களை நோக்கி உள்முகமாகத் திரும்பி நின்றது. பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பின்பக்கம் விடும் இடத்தில் கொஞ்சத்தையாவது வீட்டின் நடுவே முற்றமாக்க முடியுமா என்று உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள்.

எந்த மறைப்பு போடுவதாக இருந்தாலும் இரண்டு காரியங்களை முதலில் முடித்துவிடுங்கள். ஒன்று, சர்வேயரை வைத்து எல்லையை அளந்துகொள்வது. அரை அடி தள்ளிப் போட்ட வேலி பத்து வருட வழக்காகலாம். பக்கத்து வீட்டு ஜன்னல் 20 ஆண்டுகளாகத் தடையின்றி வெளிச்சமும் காற்றும் பெற்று வந்திருந்தால், அதை அடைக்கும் சுவர் எழுப்புமுன் வழக்கறிஞரைப் பார்ப்பதும் அவசியம். மற்றொன்று, பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய்ப் பேசுவது. “அண்ணே, பின்னாடி ஒரு பந்தல் போடலாம்னு இருக்கோம், உங்களுக்கு இடைஞ்சல் இல்லாம பாத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டுத் தொடங்கும் வேலைக்கும், சொல்லாமல் ஒரு காலையில் மறைப்பு கட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. பேசினால் அவரே அந்த ஜன்னலில் பாதிவரை சொரசொரப்புக் கண்ணாடி பொருத்த முன்வரலாம். அவர்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நம் ஜன்னல் ஏதோ ஒன்று இடைஞ்சலாக இருக்கக்கூடும். புதிதாகக் கட்டுகிறவர்களும் இதை நினைக்க வேண்டும். வரைபடத்தில் ஜன்னலைக் குறிக்கும்போது, அதற்கு எதிரே கீழே இருப்பது யாருடைய துவைக்கிற கல் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டால், பின்னால் வரும் பாதிப் பிணக்குகள் வராமலே போகும்.

உங்கள் வீட்டில் நீங்கள் போட்ட பந்தலைப் பற்றி, வேலியைப் பற்றி, பக்கத்து வீட்டாரோடு பேசித் தீர்த்துக்கொண்டதைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். எந்தக் கொடி எந்த மண்ணில் நன்றாக வந்தது, எவ்வளவு செலவானது என்றும் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்த கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். வீடு தேடிக்கொண்டிருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அவை நிச்சயம் உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்