எல்லா டெஸ்டும் பச்சை... சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்ல?

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடமிருந்து போன். "தம்பி, அந்தப் பிட்காயின் டப்பா இருக்குல்ல, அது என்னமோ ஃபர்ம்வேர் அப்டேட் கேக்குது. குடுக்கலாமா, வேண்டாமா? நீதான் காலேஜ் படிக்கிறியே."

நான் படிப்பது பி.காம் என்று சொன்னால் அவர் கேட்கவா போகிறார்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எல்லாரும் இன்ஜினியர்தான் அவருக்கு. பார்த்துச் சொல்றேன் சித்தப்பா என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. மனுஷன் மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தது அந்தப் பென்டிரைவ் சைஸ் டப்பாவை நம்பித்தான் இருக்கிறது. நான் "குடுங்க" என்று சொல்லி ஏதாவது ஆனால்?

(ஹார்டுவேர் வாலட் தெரியாதவர்களுக்கு: பிட்காயினைச் செலவழிக்க ஒரு ரகசிய சாவி வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் வைத்தால் வைரஸ் திருடும். அதனால் தனியாக ஒரு குட்டிக் கருவிக்குள் வைத்து, கையெழுத்தை மட்டும் அது போட்டுக் கொடுக்கும். கருவிக்குள் ஓடும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர்.)

ரூம்மேட் கம்ப்யூட்டர் சயின்ஸ். அவனைப் பிடித்தேன். "நம்பலாமா என்று என்னை ஏன் கேக்குற? ஓட்டிப் பாரு" என்றான். செக் நாட்டில் பிராக் நகரத்துக் கம்பெனி ஒன்று செய்யும் ட்ரெசார் என்ற வாலட்டின் ஃபர்ம்வேர் முழுவதும் கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது. டெஸ்டுகளும் கூடவே. சித்தப்பாவிடம் இருப்பது எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம், விஷயம் பொதுவானது.

அவன் லேப்டாப்பில் பில்ட் செய்யவே அரை நாள் போனது. (அந்த நேரத்தில் இரண்டு முறை டீ, ஒரு முறை சண்டை.) பிறகு எமுலேட்டர் திறந்தது. அதாவது கருவியே இல்லாமல், ஸ்க்ரீனில் ஒரு கருவி. பைதானில் எழுதிய டெஸ்டுகளை ஓடவிட்டால், யாரும் தொடாமல் அந்தக் குட்டித் திரையில் "இந்த முகவரிக்கு அனுப்பவா?" என்று கேட்கிறது, தானே பட்டன் அமுங்குகிறது, கையெழுத்துப் போடுகிறது, அடுத்ததற்குப் போகிறது. ஆளில்லாத வீட்டில் ஊஞ்சல் ஆடுவதைப் பார்ப்பது போல இருந்தது. திரையில் என்ன காட்ட வேண்டும் என்பதைக்கூடச் சோதிக்கிறார்கள்: ஒவ்வொரு திரையையும் படமாக எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, ஒரு புள்ளி மாறினாலும் சிவப்பு.

இந்த டெஸ்டுகளுக்கு ஒரு பொது சாவியும் இருக்கிறது. வாலட்டின் சாவியை 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக எழுதி வைப்பார்கள் இல்லையா, அதில் "ஆல்" என்ற சொல்லையே 12 முறை எழுதினால் வருவது டெஸ்ட் சாவி. உலகத்துக்கே தெரிந்த சாவி. அதில் யாரும் காசு போட்டுவிடாதீர்கள் :-)

எனக்கு ரொம்பப் பிடித்த டெஸ்ட் வேறு ஒன்று. நம்ம ஆட்கள் எல்லாருக்கும் எக்ஸெலில் பேங்க் அக்கவுண்ட் நம்பர் அடித்த அனுபவம் இருக்கும். 0012345 என்று அடித்தால் முன்னால் இருக்கும் இரண்டு பூஜ்யத்தையும் எக்ஸெல் தின்றுவிடும். இதே தப்பை பிட்கோர் என்ற லைப்ரரி செய்தது. ஒரு சாவியிலிருந்து அடுத்த சாவியை உருவாக்கும்போது, சாவி பூஜ்யத்தில் ஆரம்பித்தால் அந்த முதல் பைட்டை விட்டுவிட்டது. 256 தடவையில் ஒரு தடவைதான் அப்படி அமையும். மீதி 255 தடவை எல்லாம் சரி. அந்த ஒருத்தன் தன் 12 சொற்களை வேறு வாலட்டில் போட்டுப் பார்த்தால் அவன் காசு இருக்கும் முகவரியே வராது. அதற்கப்புறம் பிஐபி 32 என்ற பொது விதியிலேயே, முன்பூஜ்யம் வரும் உதாரணம் ஒன்றை மாதிரிக் கணக்காகச் சேர்த்தார்கள். இனி யார் வாலட் எழுதினாலும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். யாரோ ஒருத்தன் பட்ட அவதி, எல்லாருக்கும் டெஸ்ட் ஆகிவிட்டது.

சரி, எங்கள் ஓட்டத்தில் எல்லாம் பச்சை. "அப்புறம் என்ன, அப்டேட் குடுக்கச் சொல்லு" என்றான் ரூம்மேட். அங்கேதான் எனக்குள் இருக்கும் பி.காம் விழித்துக்கொண்டது.

மக்களே, டிரையல் பேலன்ஸ் டாலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமா? ஃபர்ஸ்ட் இயரிலேயே தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்களே! ஒரு பில்லையே எழுதாமல் விட்டாலும் டாலி ஆகும். ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டினாலும் டாலி ஆகும். மெஷின் வாங்கியதை ரிப்பேர் செலவில் எழுதினாலும் டாலி ஆகும். டெஸ்டும் அப்படித்தான். எழுதியவனுக்குத் தோன்றிய தப்பைத்தான் அது பிடிக்கும்.

இதற்கு நிஜ உதாரணம் 2020 ஜூனில் நடந்தது. செக்விட் என்ற புது முறையில், உள்ளே வரும் தொகை எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொல்வதை வாலட் நம்பலாம், பொய்யாக இருந்தால் கையெழுத்தே செல்லாது என்பது விதி. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு கையெழுத்தும் அதனதன் தொகைக்கு மட்டும்தான் பொறுப்பு. உங்களிடம் 5, 7 என்று இரண்டு தொகை இருக்கிறது. நீங்கள் அனுப்ப நினைப்பது 8. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் வைரஸ் முதலில் "5, 3" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறது. 5-க்கான கையெழுத்து செல்லும், மற்றது செல்லாது. "ஏதோ எரர், மறுபடி அமுக்குங்க" என்கிறது. இந்த முறை "1, 7". இப்போது 7-க்கான கையெழுத்து கிடைத்துவிட்டது. செல்லும் இரண்டையும் ஒட்டினால் உள்ளே 12, வெளியே 8. மீதி 4 மைனருக்குக் கட்டணமாகப் போய்விடும். திரையில் இரண்டு முறையும் நீங்கள் பார்த்தது 8-தான்!

விதிப்படி எழுதிய எந்த டெஸ்டும் இதைப் பார்த்துக் கத்தாது, ஏனென்றால் விதியே அப்படி. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது சலீம் ரஷீத் என்ற மனிதர். 2018-இல் பதினைந்து வயதில் லெட்ஜர் வாலட்டில் ஓட்டை கண்டுபிடித்த அதே ஆள். ட்ரெசார் உடனே திருத்தியது. திருத்தியதில் அதோடு இணைந்து வேலை செய்த வேறு சில மென்பொருள்கள் நின்றுபோய், அதற்கும் திட்டு வாங்கியது தனிக் கதை. 2021-இல் வந்த டாப்ரூட்டில் எல்லாத் தொகைக்கும் சேர்த்தே கையெழுத்து என்று விதியையே மாற்றிவிட்டார்கள்.

எமுலேட்டருக்கு எட்டாத இன்னொன்று சிப். 2020 ஜனவரியில் கிராகன் எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்புக் குழு, ட்ரெசாரைக் கையில் கொடுத்தால் மின்னழுத்தத்தில் விளையாடி 15 நிமிடத்தில் சாவியை எடுத்துக் காட்டியது. லேப்டாப்பில் ஓடும் பொம்மைக் கருவிக்கு ஷாக் கொடுக்க முடியுமா என்ன?

அப்படியென்றால் டெஸ்ட் வீணா? டிரையல் பேலன்ஸ் போடாத கம்பெனியில் பணம் போடுவீர்களா? என் கட்சி இதுதான்: டெஸ்டை வெளியே வைக்காத கம்பெனியின் டப்பாவை நான் வாங்க மாட்டேன். "நாங்க உள்ளேயே ஆடிட் பண்ணிட்டோம், நம்புங்க" என்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? லெட்ஜர்கூட, கருவியில் ஓடும் ஆப்களையும் அதைச் சோதிக்க ஸ்பெகுலோஸ் என்ற எமுலேட்டரையும் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அடியில் இருக்கும் இயங்குதளம் மூடியேதான் இருக்கிறது. பாதுகாப்பான சிப் வேண்டுமென்றால் இப்படித்தான் என்று ரூம்மேட் ஒரு மணி நேரம் வாதாடினான். அவன் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. மூடிய சிப், மேலே சொன்ன ஷாக் வித்தைக்கு நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஆனாலும் வெளியாள் வந்து நோண்டிப் பார்க்க வழி இருந்ததால்தானே முன்பூஜ்யமும் 5-ம் 7-ம் வெளியே வந்தன?

சித்தப்பாவுக்கு நேற்று போன் செய்தேன். அப்டேட் குடுங்க, பழைய ஓட்டைகளை அடைக்கத்தான் அது வருது, ஆனா முதல்ல அந்த 24 வார்த்தை எழுதின பேப்பர் பத்திரமா இருக்கான்னு பாருங்க என்றேன்.

"பேப்பரா? அது எங்க போச்சோ தம்பி. அதான் அன்னைக்கே போட்டோ புடிச்சு நம்ம ஃபேமிலி வாட்ஸ்அப்புல போட்டு வச்சிருக்கேனே, தொலையாம இருக்கட்டும்னு."

வரும் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். புது சாவி உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும். அதுவரை சித்தப்பா பசங்களும் அத்தை வீட்டு மாப்பிள்ளையும் நல்லவர்களாக இருக்கட்டும்.