கம்பெனி போனாலும் வண்டி ஓட வேண்டும்

2009 அக்டோபர் 15 அன்று ஹார்லி டேவிட்சன் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன் கைவசம் இருந்த பியூல் மோட்டார் சைக்கிள்களின் தயாரிப்பை அத்தோடு நிறுத்துகிறதாம். அந்த வண்டிக்குப் பெயர் கொடுத்த எரிக் பியூல், காணொளியில் தொண்டை அடைக்க விடைபெற்றார். விஸ்கான்சின் மாநிலத்தின் ஈஸ்ட் ட்ராய் ஊரில் இருந்த தொழிற்சாலை அந்த மாத இறுதியிலேயே ஓய்ந்தது. அதுவரை உருவானவை சுமார் 1.37 லட்சம் வண்டிகள். அவற்றில் பல ஜெர்மனி, நெதர்லாந்து, ஜப்பான் என்று கடல் கடந்து போயிருந்தன. முதல் நாள் வரை அபூர்வமான அமெரிக்க பைக்குக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்கள், மறுநாள் காலையில் கேட்க நாதியற்ற வண்டிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

பியூல் விசித்திரமான வண்டி. அதன் எக்ஸ்.பி. வரிசையில், டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் டேங்க் கிடையாது. பெட்ரோல் அலுமினியச் சேஸுக்குள்ளேயே நிரம்பும். என்ஜின் ஆயில், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்குள் இருக்கும். சைலன்சர் என்ஜினுக்கு அடியில். முன் டிஸ்க் பிரேக் சக்கரத்தின் மையத்தில் இல்லாமல் ரிம்மின் விளிம்பில் பூட்டப்பட்டிருக்கும். எடையெல்லாம் நடுவிலும் தாழ்வாகவும் இருக்க வேண்டும் என்ற பொறியாளரின் பிடிவாதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வளைவில் சாய்த்து ஓட்டியவர்கள் அந்தப் பிடிவாதத்தைக் கொண்டாடினார்கள். ஆனால் வண்டி கீழே விழுந்து சேஸில் விரிசல் விட்டால் போனது சேஸ் மட்டுமல்ல, டேங்க்கும்தான். அந்த முன் டிஸ்க்குக்கு வேறு எந்தக் கம்பெனியின் டிஸ்க்கும் ஈடாகாது.

வெளிநாட்டில் அமெரிக்க வண்டி வைத்திருப்பவருக்கு நல்ல காலத்திலேயே தொல்லைகள் உண்டு. போல்ட் நட்டுகளில் பெரும்பாலானவை இஞ்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் மட்டும் வைத்திருக்கும் பட்டறையில் அவை பிடி கொடுக்காது. ஒரு சின்ன சென்சார் வேண்டுமென்றாலும் கப்பல் கட்டணம், சுங்க வரி, வாரக்கணக்கில் காத்திருப்பு. கம்பெனியே இல்லை என்றாகும்போது காத்திருக்கவும் ஒன்றும் இருப்பதில்லை.

‘பணக்காரர்களின் பொம்மைக்கு இவ்வளவு கவலையா?’ என்று கேட்கலாம். கவலை பொம்மையைப் பற்றியது அல்ல. முழு விலை கொடுத்து வாங்கிய பொருளைச் சொந்தக்காரர் தாமே சரிசெய்துகொள்ள முடியுமா, அல்லது அந்த உரிமை கம்பெனியோடு சேர்ந்து விமானம் ஏறிவிடுமா என்பதுதான் விஷயம். அபூர்வ வண்டிக்காரர்களுக்கு இது முதலில் உறைக்கிறது, அவ்வளவுதான்.

பழைய காலத்தில் இந்தக் கேள்விக்கு லேத் பதில் சொன்னது. நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்த பர்ட் மன்ரோ 1920-இல் ஓர் ‘இண்டியன் ஸ்கவுட்’ வாங்கினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் தயாரான 600 சிசி வண்டி. புதிதாக இருந்தபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 88 கிலோமீட்டர் அளவுதான். மன்ரோ அதை விற்கவும் இல்லை, சும்மா விடவும் இல்லை. பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துப் பிஸ்டன் வார்த்தார். டிராக்டர் அச்சிலிருந்து கனெக்டிங் ராடு செதுக்கினார். ஃப்ளைவீலையும் சிலிண்டரையும் தாமே செய்தார். நுண்ணளவு பார்க்க அவருக்குக் கிடைத்த கருவி ஒரு பழைய ஸ்போக் கம்பி. வெடித்தும் உடைந்தும் போன பாகங்களை ஷெட்டின் அலமாரியில் அடுக்கி, ‘வேகக் கடவுளுக்குக் காணிக்கை’ என்று எழுதிவைத்தார்.

இடையில் 1953-இல் ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையே மூடப்பட்டது. மன்ரோவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 1967-இல், 68 வயதில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து பான்வில் உப்புவெளியில் அதே வண்டியை, அதற்குள் 950 சிசியாக வளர்ந்திருந்த என்ஜினோடு ஓட்டி, 1,000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு 295 கிலோமீட்டர் வேகத்துக்குச் சாதனை படைத்தார். அன்று போட்ட கணக்கில் பிழை இருப்பதை அவருடைய மகன் பின்னாளில் கண்டுபிடிக்க, 2014-இல் அது 296 கிலோமீட்டராகத் திருத்தப்பட்டது. ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்த ‘தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இண்டியன்’ படம் இவருடைய கதைதான். தலைப்பைப் பார்த்து ஏதோ நம்மூர் ஓட்டப்பந்தய வீரர் கதை என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் இங்கே நிச்சயம் இருந்திருப்பார்கள்.

மன்ரோவை விதிவிலக்கான மேதை என்று ஒதுக்கிவிட முடியும். கியூபாவை அப்படி ஒதுக்க முடியாது. புரட்சிக்கு முன் அந்த நாட்டின் போலீசும் ராணுவமும் ஹார்லியில்தான் போயின. 1959-இல் ஆட்சி மாறியது. 1960-இல் அமெரிக்க ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1962 பிப்ரவரியில் கென்னடி முழு வர்த்தகத் தடை விதித்தார். ஒரு வால்வு, ஒரு பேரிங்கூட நேர்வழியில் வர வாய்ப்பில்லை. வேண்டாத பழைய ஆட்சியின் நினைவுச்சின்னம் என்று ஹார்லிகளைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள் என்றொரு கதை ஹவானாவில் இன்றும் உலவுகிறது. புதையல் கதைகளுக்கு எப்போதுமே ஆயுள் அதிகம்.

புதைபடாமல் தப்பியவற்றை ஓட்டுகிறவர்கள் தங்களை ‘ஹார்லிஸ்டா’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். கார் பிஸ்டனை லேத்தில் கடைந்து சிலிண்டருக்குள் இறக்குவது, கார் டயரைப் பைக் ரிம்மில் ஏற்றுவது, ஆலை இயந்திரத்தில் கழற்றிய செயினை மாட்டுவது என்று எல்லாம் கைவேலை. 1940-களிலும் 50-களிலும் செய்யப்பட்ட வண்டிகள் ஹவானாவின் கடற்கரைச் சாலையில் இன்றும் உறுமிக்கொண்டு போவது அந்தக் கைவேலையால்தான். ‘பெப்பே மிலேசிமா’ என்று அவர்கள் செல்லமாக அழைத்த மெக்கானிக்கின் கல்லறையருகே, தந்தையர் தினத்தன்று ஹவானாவின் கொலோன் இடுகாட்டில் ஹார்லிஸ்டாக்கள் வண்டிகளோடு கூடுகிறார்கள். ஹார்லியை ஸ்தாபித்தவர்களுக்கு அங்கே அப்படி ஒரு விழா எடுப்பதாகத் தெரியவில்லை.

ஜப்பானில் நடந்தது வேறு வகை. 1930-களின் தொடக்கத்தில், மந்தநிலையில் தவித்த ஹார்லி, தயாரிப்பு உரிமத்தோடு வரைபடங்களையும் கருவிகளையும் ஜப்பானியருக்குக் கொடுத்தது. டோக்கியோவின் ஷினகாவா பகுதியில் ‘ரிகுவோ’ என்ற பெயரில் ஹார்லியின் மாற்றாந்தாய்ப் பிள்ளை பிறந்து, 1950-களின் இறுதிவரை உற்பத்தியில் இருந்தது. வரைபடம் கைமாறினால் கம்பெனி விலகிய பிறகும் வண்டி வாழும் என்பதற்கு அது சாட்சி.

மன்ரோவும் ஹார்லிஸ்டாக்களும் சமாளித்தார்கள் என்றால் அதற்குக் காரணம், அவர்கள் வண்டியில் இரும்பைத் தவிர ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை என்பதுதான். கண்ணால் பார்த்து, அளந்து, கடைந்துவிடலாம். பியூல் காலத்து வண்டியில் ஒரு சிறு கணினி உட்கார்ந்திருக்கிறது. எந்த நொடியில் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அது முரண்டு பிடித்தால் லேத்துக்கு வேலை இல்லை. கண்டறியும் கருவி டீலரிடம் இருக்கும். டீலரோ கடையைக் கட்டியிருப்பார்.

பியூல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர்வலர்கள் அந்தக் கணினியின் மொழியைத் துருவி, ‘இசிஎம் ஸ்பை’ என்ற மென்பொருளை எழுதினார்கள். ஒரு லேப்டாப்பும் கேபிளும் இருந்தால் சொந்தக்காரரே பழுதைப் பார்க்கலாம், அளவைத் திருத்தலாம். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் பியூலுக்கென்றே உதிரிபாகக் கடைகள் நிலைத்தன. மன்ரோவின் தகர டப்பா இப்போது மென்பொருள் வடிவில் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: பிஸ்டன் வார்த்ததற்காக மன்ரோ மீது எந்த வக்கீல் நோட்டீசும் வர வழியில்லை. மென்பொருள் பூட்டை உடைப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் குற்றமாக்க முடியும். அமெரிக்காவிலேயே, பழுதுபார்ப்பதற்காக வாகன உரிமையாளர் அந்தப் பூட்டைத் திறக்கலாம் என்ற விலக்கு 2015-இல்தான் வந்தது. மெக்கானிக்கையும் அந்த விலக்குக்குள் சேர்க்க 2018 ஆயிற்று.

பூட்டு இருந்தால்தான் புகைக் கட்டுப்பாடு காக்கப்படும் என்று கம்பெனிகள் வாதிடுகின்றன. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சொல்லும் தகுதி யாருக்கு? புகையைக் கூட்டும் ட்யூனர் கருவிகள் சுமார் 3.4 லட்சத்தை விற்றதற்காக 2016-இல் 1.2 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது ஹார்லியேதான். வேறு கம்பெனி பாகம் போட்டால் வாரண்டி செல்லாது என்ற அதன் நிபந்தனை சட்டவிரோதம் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2022-இல் நடவடிக்கை எடுத்தது. காற்றின் நலனைவிடக் கல்லாவின் நலனே பூட்டுக்குள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது.

இந்தியாவில் இதெல்லாம் வெளிநாட்டுச் செய்தியாக வெகுநாள் இருக்கவில்லை. 2020 செப்டம்பரில் ஹார்லி இங்கே கடையைச் சுருட்டி, ஹரியானாவின் பவால் ஆலையை மூடியது. அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப் விற்பனையையும் சர்வீசையும் ஏற்றுக்கொண்டதால் வண்டிக்காரர்கள் பிழைத்தார்கள். அதே ஹீரோதான் 2013-இல் எரிக் பியூலின் அடுத்த கம்பெனியில் 49.2 சதவீதப் பங்கு வாங்கியது. 2015-இல் அந்தக் கம்பெனியும் நொடித்தது. 2021-இல் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தபோது, கார் வைத்திருந்த ஒவ்வொருவரும் முதலில் கேட்டது ஸ்பேர் கிடைக்குமா என்றுதான். ஒவ்வொரு முறையும் அரவணைக்க ஒரு ஹீரோ வருவார் என்று சட்டம் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்த பிறகு, தெருமுனை மெக்கானிக்கிடம் வரும் சாதாரண 100 சிசி வண்டியிலும் கணினி ஏறிவிட்டது. கார்புரேட்டரை ஊதிச் சரிசெய்த கைகள் இப்போது கம்பெனி ஸ்கேனருக்காகக் காத்திருக்கின்றன. ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளத்தில் வாகனங்களும் இடம்பெற்றுள்ளன, ஆனால் அதில் விவரம் தருவது கம்பெனிகளின் விருப்பம். இதைக் கட்டாயமாக்க வேண்டும். சந்தையை விட்டு விலகும் கம்பெனி குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உதிரிபாகம் தர வேண்டும். அது முடியாதென்றால் வரைபடங்களையும் பழுதறியும் மென்பொருளையும் நியாயமான கட்டணத்தில் திறந்துவிட வேண்டும். இறக்குமதி அனுமதியும் விற்பனை உரிமமும் கொடுக்கும்போதே இந்த நிபந்தனையை எழுதி வாங்கிக்கொள்ள அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. புதுப்பேட்டைக் கடைக்காரர்களும் கோயம்புத்தூர் லேத் பட்டறைகளும் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.